ஊர்ச் சபையில் யாருக்கு நாற்காலி?



கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிற இடத்தில் திருவந்திபுரம் இருக்கிறது. முகூர்த்த நாள் என்றால் அந்த ஊர்ச் சாலையில் வண்டி நகராது. ஒரே காலையில் அத்தனை திருமணங்கள்! நம்மில் பலரும் அண்டை வீட்டாரின் கல்யாணத்துக்காக அங்கே போய், நெரிசலில் எந்தப் பந்தலில் எந்த மாப்பிள்ளை என்று தேடி அலைந்திருப்போம். அங்குள்ள தேவநாதசுவாமி கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழக வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை.

ஏறத்தாழ 1231-ஆம் ஆண்டின் செய்தி அது. சோழப் பேரரசு தளர்ந்துபோன காலம். மூன்றாம் இராசராச சோழனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்துவிட்டான். மீட்டு வரும்படி போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர்கள் இருவரை அனுப்பினான். அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் எள்ளேரி, கள்ளியூர்மூலை ஆகிய ஊர்களை அழித்தார்கள். தில்லைக்குப் போய்ப் பொன்னம்பலத்தில் வணங்கினார்கள். பிறகு திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தினார்கள், பெண்களைப் பிடித்தார்கள். கடைசியில் கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவித்தான்.

கல்லில் எழுதியவர்களுக்கு இது பெருமை. ஊர் பேர் சொல்லி, வரிசையாக எழுதி வைத்தார்கள். வீடு எரிந்த ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. பொன்னம்பலத்தில் கும்பிட்ட கையோடு அடுத்த ஊரைக் கொளுத்தப் போயிருக்கிறார்களே என்று நமக்குத் தோன்றுகிறது. எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. மன்னர்கள் மோதிக்கொள்ளும்போது ஊர் என்பது மிதித்துக்கொண்டு போகிற புல்தரை.

ஆனால் அந்த ஊர்களுக்கும் ஒரு வாழ்வு இருந்தது. கூடிப் பேசினார்கள், நீர் பங்கிட்டார்கள், கணக்கு வைத்தார்கள். சோழர் காலத்தில் வேளாண் மக்கள் கூடியது ‘ஊர்’. பிராமணர்க்கு விடப்பட்ட ஊர்களில் கூடியது ‘சபை’. வணிகர்கள் கூடியது ‘நகரம்’. நமக்கு அருகே, சிதம்பரத்துக்குத் தென்மேற்கே இருக்கிற காட்டுமன்னார்கோயிலை எடுத்துக்கொள்வோம். அன்று அதற்கு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களைக் கைப்பற்றி விற்க வேண்டும் என்று முதலாம் இராசராசன் தன் இரண்டாம் ஆட்சியாண்டில் ஓலை அனுப்பியது இந்த ஊர்ச் சபைக்குத்தான். உடையார்குடிக் கோயில் கல்வெட்டு அதைச் சொல்கிறது. கதைகளில் படித்துப் படித்து நமக்குக் கொலைகாரர்களைத்தான் ஞாபகம் இருக்கிறது. பேரரசனே ஆனாலும் நிலத்தைத் தொட ஊர்ச் சபையைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை.

இந்தச் சபைகள் எப்படி அமைந்தன? அதைத் தெளிவாகச் சொல்கிற கல்வெட்டுகள் காஞ்சிபுரத்துக்கு அப்பால் உத்திரமேரூரில் கிடைத்தன. முதலாம் பராந்தகன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை ஊரே கூடியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். இப்படித் தேர்ந்தவர்களிலிருந்து ஓராண்டுக்குச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமையும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வருடம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி வர முடியாது.

எல்லாவற்றையும் விட நமக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. அவர் ஒதுங்கிக்கொண்டு தம்பியையோ மைத்துனனையோ நிறுத்தி வைக்கிற வேலை நடக்காது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தந்திரத்தை ஊரார் அறிந்திருக்கிறார்கள்!

திருவுளச்சீட்டு நமக்கும் புதிதல்ல. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்துகொள்ளத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டார்கள், மத்தியாவின் பெயர் வந்தது என்று திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இவ்வளவையும் கேட்டு, அது பொற்காலம் என்று சொல்லிவிட வேண்டாம். குடத்துக்குள் யாருடைய ஓலை போனது? கால் வேலியாவது வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். வேதக் கல்வி மிகுந்தவர்க்கு அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். நிலமில்லாதவர் இல்லை. அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழைத்தவர் இல்லை. பெண்கள் இல்லவே இல்லை. குடம் நேர்மையானதுதான், சந்தேகமில்லை. ஆனால் குடத்துக்குள் போகும் வழி மிகவும் குறுகலாக இருந்தது.

இனிக் கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். அதற்கும் கடலூரே வாசல். 1690-இல் ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. நாலா பக்கமும் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. ‘குண்டு கிராமங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. கடலூர்க்காரர்களுக்குக் குண்டு உப்பலவாடி தெரிந்த பெயர். அன்று அந்த ஊர்களில் இருந்தவர்கள் காலையில் எழுந்தபோது ஓர் அரசின் கீழ் இருந்தார்கள், மாலையில் இன்னொன்றின் கீழ் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

சரி, அந்த ஆங்கிலேயர் தங்கள் சொந்த நாட்டில் ஊரை எப்படி நடத்தினார்கள்? இங்கேதான் நமக்கு ஒரு வியப்பு. அங்கே ஊர் நிர்வாகம் கோயில் பங்கிலிருந்து பிறந்தது. இன்றும் இங்கிலாந்தில் கிராம ஊராட்சிக்குப் ‘பாரிஷ் கவுன்சில்’ என்றுதான் பெயர். பாரிஷ் என்றால் நம் ‘பங்கு’. குருவானவர் திருவுடை அணிகிற அறையில் ஊரார் கூடியதால், அந்தக் கூட்டத்துக்கு ‘வெஸ்ட்ரி’ என்று அந்த அறையின் பெயரே நிலைத்தது. 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், ஊரில் உள்ள ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பைப் பங்கின் தலையில் வைத்தது. அதற்கு வரி போடவும், யாருக்கு எவ்வளவு உதவி என்று தீர்மானிக்கவும் வெஸ்ட்ரி கூடியது.

ஏழைகளுக்காகக் கூடிய சபை. ஆனால் அதிலே ஏழைக்குக் குரல் இருந்ததா? பல இடங்களில் வெஸ்ட்ரி, ஒரு சிலர் தங்களுக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொள்கிற மூடிய கூட்டமாக இருந்தது. 1818-இல் ஒரு சட்டம் வந்தது. சொத்து கூடக் கூட வாக்கும் கூடும். ஒரே ஆளுக்கு ஆறு வாக்குகள் வரை! பெரும் பண்ணைக்காரர் கையைத் தூக்கினால் ஆறு கை தூக்கியதற்குச் சமம்.

இது மாற 1894 வரை ஆயிற்று. அந்த ஆண்டுச் சட்டம் ஊர்க் காரியத்தைக் கோயில் காரியத்திலிருந்து பிரித்து, 300 பேருக்குக் குறையாத ஊர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலை அமைத்தது. அதைவிடச் சிறிய ஊர்களுக்கு ஊர்க் கூட்டம் போதும் என்றது. பெண்கள், மணமானவர்கள் உட்பட, வாக்களிக்கவும் நிற்கவும் வழி செய்தது. அந்த நாட்டுப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைக்க இன்னும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது! அந்த ஆண்டு டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது. பண்ணையில் கூலி வேலை செய்தவரும் பண்ணைக்காரரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேசியதெல்லாம் சின்ன விஷயங்கள். நடைபாதையை யார் அடைத்தது, தெருவிளக்கு எங்கே வைப்பது, ஏழைகள் காய்கறி பயிரிட எந்தத் துண்டு நிலத்தை விடுவது. இன்றும் அந்தக் கவுன்சில்களில் அவையே பேசப்படுகின்றன. நம் ஊராட்சியில் குடிநீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் பேசப்படுகிற மாதிரி.

அதே காலத்தில் இந்தியாவுக்கு வைசிராயாக வந்த ரிப்பன் பிரபு, 1882-இல் உள்ளாட்சி மன்றங்களை மக்கள் பிரதிநிதிகளிடம் விட வேண்டும் என்று தீர்மானம் வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் 1884-இல் ஒரு சட்டமும், 1920-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. பயன் அடைந்தவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெரியதனக்காரர்களே.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பை எழுதியபோது இந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்தது. வரைவில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமே இல்லை என்று காந்தியடிகளின் வழி வந்தவர்கள் வருந்தினார்கள். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அம்பேத்கர் அதற்குப் பதில் சொன்னார். கிராமத்தைப் புகழ்வதைக் கண்டு தாம் வியப்பதாகவும், குறுகிய மனமும் அறியாமையும் சாதிப் பற்றும் குடியிருக்கிற இடமே கிராமம் என்றும் கடுமையாகப் பேசினார். பலருக்கு அது கசந்தது. ஆனால் குடத்துக்குள் ஓலை போகாதவர்களின் சார்பில் பேசியவர் அவர். அதே மாதம் 22-ஆம் நாள், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கே. சந்தானம் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டு வந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் 40-ஆம் பிரிவு. இருவரில் யார் சரி என்று இன்றும் வாதாடுகிறார்கள். நம்மைக் கேட்டால், இருவரும் சொன்னதும் உண்மை என்று அடுத்த எழுபது ஆண்டுகள் காட்டின என்போம்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் குடத்தின் வாயை அகலமாக்கின. பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் இட ஒதுக்கீடு வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2016-இல் அது பாதி ஆயிற்று. சட்டம் எளிதில் நுழைந்தது. ஊர் மனம் எளிதில் திறக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு வந்த முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுக் காலம் தேர்தலை நடக்கவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது.

அதெல்லாம் மதுரைப் பக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலை, ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று அதிகாரிகள் வந்து சேரும் முன் காரியத்தில் இறங்கியவை மீனவ ஊர்களின் பாரம்பரியப் பஞ்சாயத்துகள். உடல்களை அடக்கம் செய்தார்கள். வந்த அரிசியையும் துணியையும் ஒழுங்காகப் பங்கிட்டார்கள். அந்தக் கட்டுக்கோப்பு இல்லாவிட்டால் நிவாரணம் தெருச்சண்டையில் முடிந்திருக்கும். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் பங்கீடு எந்தப் பட்டியலின்படி நடந்தது? தலைக்கட்டு வரிப் பட்டியலின்படி. தலைக்கட்டு என்றால் மணமான ஆண். கணவனை இழந்தவள் தலைக்கட்டு அல்ல. அதனால் பல ஊர்களில் விதவைகளும் தனித்து வாழும் பெண்களும் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். கடற்கரையை ஒட்டியிருந்து, மீன் சுமந்தும் கூலிக்குப் போயும் பிழைத்த தலித் குடும்பங்களும் விடுபட்டன. யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை என்று சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். பட்டியலே அப்படித்தான் இருந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? தொடக்கத் திருச்சபையிலும் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. பன்னிருவரும் அதை வம்பு என்று தள்ளிவிடவில்லை. சீடர் அனைவரையும் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு என்று தொடங்கி ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின் நம் அரசு கட்டிக் கொடுத்த வீடுகளின் பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதியது. பட்டியலை மாற்றி எழுதினால் வாழ்வும் மாறும் என்பதற்கு நம் கரையிலேயே சாட்சி இருக்கிறது.

அடுத்தது சிதம்பரத்துக்கு அருகே, புவனகிரி ஒன்றியத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி. 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் நாளிதழ்களில் வந்தது. ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலித் பெண். ஒதுக்கீட்டு இடத்தில் நின்று மக்கள் வாக்கால் வந்தவர். வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தேசியக் கொடி ஏற்றக்கூட விடப்படாத தலைவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள் என்பது தெரிய வந்தபின், 2022 சுதந்திர நாளுக்கு முன் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதே காட்சியை எழுதி வைத்திருக்கிறார். பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கை, அழுக்கு உடுத்தவருக்குக் கால்மாட்டில் தரை. அவர் கண்டது ஊராட்சி மன்றத்தில் அல்ல, இறைமக்கள் கூடிய தொழுகைக் கூட்டத்தில். தமிழகத்தில் சில கோயில்களில் சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்த காலமும், சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வைத்த காலமும் இருந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். சில இடங்களில் அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

நம் பங்குகளிலும் பேரவை இருக்கிறது, அன்பியங்கள் இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பங்குப் பேரவையை ஆலோசனை சொல்லும் அமைப்பாகவே வைத்தது. நிதிக்குழுவையோ ஒவ்வொரு பங்கிலும் கட்டாயமாக்கியது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் 1287-ஆம் எண்ணில் சொல்கிறது. உத்திரமேரூர்க்காரர்கள் இதைக் கேட்டால் தலையசைப்பார்கள். பேரவைக்கு யார் பெயர் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு அதிகம் நன்கொடை தருகிறவரின் பெயரா? கோயிலைக் கூட்டுகிற அம்மாவின் பெயர் எப்போதாவது வந்ததுண்டா?

இப்போது இருக்கிற நிலையையும் சொல்லிவிடுவோம். 2016-இல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போய், நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். சண்டை போட்டு வாங்கிய நாற்காலிகள் அன்று காலியாயின.

ஆனால் கிராம சபை என்ற ஒன்றை யாரும் கலைக்க முடியாது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். கால் வேலி நிலம் வேண்டாம், சொந்த மனை வேண்டாம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசித்தாக வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை வைத்தே பல ஊர்களில் அந்த எண்ணிக்கை நிறைவேறுகிறது. முதியோர் உதவித்தொகை, ஊரக வேலை, வீடு ஆகியவற்றுக்கான பட்டியல்கள் அங்கேதான் வருகின்றன. விடுபட்டவர்களின் பெயரை எழுந்து நின்று சொல்லக்கூடிய இடமும் அதுதான்.

கூடுகிற நாள்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாள்காட்டியைப் பார்த்தால் நம் பாடு கொஞ்சம் சங்கடம்தான். மே 1 தொழிலாளரான புனித யோசேப்பு விழா. ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. திருப்பலி முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்துவிடுகிறோம். கிராம சபை பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் தொடங்குகிறது. திருப்பலி அதற்கு முன்பே முடிந்துவிடும். பூசைக்கு உடுத்திய அதே உடையோடு, பக்கத்து வீட்டு விதவைத் தாயையும் அழைத்துக்கொண்டு, நேரே அங்கே போகலாம். நாற்காலி போதாவிட்டால் அவரை முதலில் உட்கார வைத்துவிட்டு நாம் நிற்கலாம்.